கபால அடித்தளக் கட்டிகளை இனங்காணும் காந்தப் படம்

மூளையைத் தாங்கி நிற்கும் எலும்புத் தளமே கபாலத்தின் அடித்தளம். பார்வை, கேள்வி, விழுங்குதல் ஆகியவற்றுக்குரிய நரம்புகளும், மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் தமனிகளும் இதன் துளைகள் வழியே செல்கின்றன. இங்கு வளரும் கட்டியிலிருந்து சோதனைக்காகத் திசு எடுப்பதே பலவேளைகளில் இடர் மிக்கது. ஆகவே, அறுவைக்கு முன்பே கட்டியின் வகையைப் படத்தின் மூலம் கணிப்பது இன்றியமையாததாகிறது.

கொல்கத்தாவின் பங்கு

எம்.ஆர்.ஐ. கருவிக்கு அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு, கொல்கத்தாவில் நெடுநாளாக ஆராயப்பட்ட துறையாகும். அங்குள்ள சாகா அணுக்கரு இயற்பியல் நிலையம், ஏ.கே. சாகா, டி.பி. தாஸ் ஆகியோர் இத்துறை பற்றி எழுதிய நூலை 1957-இல் வெளியிட்டது. மருத்துவத்துக்கான எம்.ஆர்.ஐ. கருவி 1986-இல் டில்லியில் நிறுவப்பட்டது. இன்று கொல்கத்தாவின் பாங்கூர் நரம்பியல் நிலையம் போன்ற அரசு மருத்துவமனைகளை நரம்பு நோயாளிகள் நாடி வருகின்றனர்.

மருந்து செயற்படும் விதம்

படமெடுக்கையில் காடோலினியம் கலந்த மருந்து சிரை வழியே செலுத்தப்படுகிறது. வழக்கமான அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 மில்லிமோல். நலமான மூளைத் திசுவுக்குள் இம்மருந்து நுழைவதில்லை. குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு அதனை நிறுத்திவிடுகிறது. மூளையுறையிலும் நரம்புறையிலும் தோன்றும் கட்டிகளுக்கு அத்தடுப்பு இல்லை; எனவே அவை படத்தில் வெண்மையாகத் தெரிகின்றன. எலும்பு மஜ்ஜையிலுள்ள கொழுப்பும் வெண்மையாகவே தோன்றும். ஆதலால் மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட வேண்டும். பின்னெடுக்கும் படத்தில் கொழுப்பின் ஒளியை அடக்கவும் வேண்டும்.

வேறுபடுத்தும் அடையாளங்கள்

காதுக்குப் பின்னே, சிறுமூளையை ஒட்டிய கோணத்தில் இரு கட்டிகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. நரம்புறைக் கட்டியான ஷ்வானோமா உட்செவிக் கால்வாயினுள் நுழைந்து அதனை அகலப்படுத்தும். பெரிதானால் உள்ளே நீர்ப்பைகள் தோன்றக்கூடும். மூளையுறைக் கட்டியான மெனிஞ்சியோமா அகன்ற அடியுடன் எலும்பை ஒட்டி அமர்ந்து, பெரும்பாலும் சீராக ஒளிரும். உறையின் வழியே வால் போன்ற நீட்சி காட்டும். அதே இடத்தில் தோன்றும் எபிடெர்மாய்டு பொதுவாக மருந்தை ஏற்பதில்லை. நீர் மூலக்கூறுகளின் விரவலைக் காட்டும் படத்திலேயே அது பளிச்சிடும். நடுக்கோட்டு எலும்பில் தோன்றுவது பெரும்பாலும் கார்டோமா. பக்கவாட்டில் தோன்றுவது காண்ட்ரோசார்க்கோமாவாக இருக்கலாம்.

எச்சரிக்கை

வால் போன்ற நீட்சி மெனிஞ்சியோமாவுக்கு மட்டுமே உரியதன்று. நம் நாட்டில் காசநோயும் பூஞ்சைத் தொற்றும் கட்டியைப் போலவே ஒளிர்ந்து மயக்கம் தருவதுண்டு. மருந்தால் குணமாகக்கூடிய நோயாளி தேவையின்றிப் பெரிய அறுவைக்கு உள்ளாகலாம். ஐயம் எழுமிடத்து இறுதித் தீர்ப்பு திசுச் சோதனைக்கே உரியது. சிறுநீரகம் கடுமையாகப் பழுதுற்றவர்களுக்கு மருந்தின் வகையை ஆய்ந்தே செலுத்த வேண்டும்.

திட்டமிடுவோர் கருத வேண்டியது

மும்பையின் 'சமீர்' நிறுவனம் தலைமையேற்றுள்ள 1.5 டெஸ்லா உள்நாட்டு எம்.ஆர்.ஐ. திட்டத்தில் கொல்கத்தாவின் சி-டாக் மையமும் பங்கேற்றுள்ளது. கருவியின் விலை குறைந்தால் மாவட்ட மருத்துவமனைகளும் அதனைப் பெறக்கூடும். எனினும், படம் எடுக்கும் முறையை வகுக்கவும் அதனைப் படித்தறியவும் பயிற்சி பெற்றோர் இல்லையெனில், கருவி மட்டும் நோயை இனங்காட்டாது. கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே பயிற்சிக்கும் ஒதுக்குவதே முறையாகும்.