போஞ்சி ஈயை அறிந்துகொள்வோம்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் பல குடும்பங்கள் முதலில் விதைப்பது பயறு, உழுந்து அல்லது கௌபி. இரண்டு, மூன்று மாதங்களில் பலன் கிடைக்கும். ஆனால், முளைத்து இரண்டு வாரங்களுக்குள் நாற்றுகள் மஞ்சளாகிச் சாய்ந்தால் கையிலுள்ள விதை வீணாகிவிடும். இதற்கு ஒரு முக்கிய காரணம் போஞ்சி ஈ.

எப்படி இருக்கும்?

இது சாதாரண இலையானைவிட மிகச் சிறியது. நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். எள்ளு விதையைவிடவும் சிறியது. உடல் மினுமினுப்பான கறுப்பு நிறம். காலை வேளையில் இளம் இலைகளின் மேல் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

என்ன செய்கிறது?

பெண் ஈ இளம் இலையைக் குத்திச் சாற்றை உறிஞ்சும், இலைக்குள்ளேயே முட்டையிடும். குத்திய இடங்கள் வெளிர்மஞ்சள் புள்ளிகளாகத் தெரியும். சில நாட்களில் வெளிவரும் வெள்ளைப் புழு, இலைக்காம்பு வழியாகத் தண்டுக்குள் இறங்கி, தண்டின் அடியைத் தின்னும். அங்கேயே தோலின் கீழ் கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து ஈயாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் போதும்.

சோதித்துப் பாருங்கள்

வாடிய நாற்று ஒன்றைப் பிடுங்கி, தண்டின் அடியைக் கவனியுங்கள்.

• தண்டு வீங்கி வெடித்திருந்து, தோலை நகத்தால் உரித்ததும் சிறிய கபில நிறக் கூடுகள் தெரிந்தால்: போஞ்சி ஈ.
• தண்டு மெலிந்து அழுகியிருந்தால்: பங்கசு நோய்.
• தண்டு நிலமட்டத்தில் துண்டிக்கப்பட்டிருந்தால்: வெட்டுப்புழு.
• மதியம் வாடி மாலையில் நிமிர்ந்தால்: தண்ணீர்க் குறைவு.

என்ன செய்யலாம்?

1. மழை தொடங்கியதும் அயலவர்களோடு சேர்ந்து ஒரே காலத்தில் விதையுங்கள். பிந்தி விதைக்கும் வயலுக்கு முன்னைய வயல்களில் பெருகிய ஈக்கள் வந்து சேரும்.
2. விதை முழுவதையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். வெற்றிடம் நிரப்பக் கொஞ்சம் வைத்திருங்கள்.
3. முளைத்த நாளிலிருந்து நான்கு வாரங்கள் வரை அடிக்கடி இலைகளைப் பாருங்கள். ஆபத்தான காலம் இதுதான்.
4. செத்த நாற்றுகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். வரம்பில் எறிந்தால் கூட்டிலிருந்து ஈ வெளிவரும்.
5. இரண்டு, மூன்று வாரமான செடிகளுக்கு மண் அணையுங்கள். பாதிக்கப்பட்ட தண்டிலும் மேலே புதிய வேர் விட்டுச் செடி பிழைக்கக்கூடும். வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காத்தால் இதற்கு உதவும்.
6. அடுத்த போகத்தில் அதே நிலத்தில் சோளம், குரக்கன் அல்லது மிளகாய் செய்யுங்கள். இந்த ஈ அவற்றைத் தாக்காது.

புழு தண்டுக்குள் போன பின் மேலே தெளிக்கும் மருந்தால் பெரிய பயன் இல்லை, பணமும் வீண். எனவே மருந்து வாங்குமுன், பிடுங்கிய நாற்றுகள் சிலவற்றைக் கமநல சேவை நிலையத்துக்கு எடுத்துச் சென்று விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள்.

கவனம்: வைக்கோல், சருகு சேர்ப்பதற்காக மிதிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் போகாதீர்கள். பிள்ளைகளையும் அனுப்பாதீர்கள்.