புதிய கணினியில் பழைய தமிழ்க் கோப்புகள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் திகதி முடிவடைந்ததையடுத்து, பலர் புதிய கணினிக்கு மாறி வருகின்றனர். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதங்களும் குடும்பக் குறிப்புகளும் புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றக்கூடும். அவை பழுதடையவில்லை, அழித்துவிடக் கூடாது. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமைத்த எழுத்துரு. அது புதிய கணினியில் இல்லாததே காரணம்.

பழைய கணினியிலிருந்து அவ்வெழுத்துருவையும் பிரதியெடுத்து நிறுவினால், கோப்புகளை மீண்டும் தமிழில் வாசிக்கலாம். பின்னர் எழுத்துரு மாற்றியின் உதவியுடன் ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தால், கைப்பேசியிலும் அவை தெளிவாகத் தெரியும். புதிதாக எழுதுவதற்கு, விண்டோஸ் 11இன் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துத் தமிழ் 99 விசைப்பலகையைத் தெரிவு செய்யலாம்.

எல்லாக் கோப்புகளும் புதிய கணினியில் சரியாகத் திறப்பதை உறுதிப்படுத்தும் வரை, பழைய கணினியைக் கைவிடுதல் ஆகாது.