செல்லம் கொடுத்ததால் வந்த ஆசையா?

விலை உயர்ந்த போன் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்தால், "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு" என்றுதான் முதலில் சொல்கிறோம். அன்பு மிஞ்சியதால் ஆசையும் மிஞ்சிவிட்டது என்பது நம்பிக்கை. ஆய்வுகள் காட்டுவது வேறு. டிம் காசர், ரிச்சர்ட் ரயன் முதலானோர் அமெரிக்காவில் 18 வயதினரிடம் நடத்திய ஆய்வு 1995-இல் வெளியானது. மற்ற இலட்சியங்களுக்கு மேலாகப் பணத்தை வைத்தவர்களில் பலர், தாயின் அரவணைப்பு குறைவாகவே கிடைத்தவர்கள். வசதி குறைந்த சூழலில் வளர்ந்தவர்கள். தாயைக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. வறுமை, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சும் நேரத்தையும் சேர்த்தே பறித்துக்கொள்கிறது.

பொருளாசை வந்த பிறகுதானே மனம் வாடுகிறது, எது முதலில் என்று எப்படித் தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லான் சாப்ளினும் டெபோரா ஜானும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. 'எனக்கு மகிழ்ச்சி தருவது எது?' என்பதற்குப் பிள்ளைகள் படங்களையும் சொற்களையும் பொறுக்கி ஒரு அட்டையில் ஒட்டினார்கள். 8, 9 வயதில் குறைவாக இருந்த பொருள்கள், 12, 13 வயதில் அட்டையில் கூடின. பதின்பருவம் முடியும்போது மறுபடி குறைந்தன. தன்மதிப்பு சரியும் வயதில்தான் பொருள்கள் பெருகின. பிறகு, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கூடப் பழகுபவர்கள் எழுதிய நல்ல வார்த்தைகளைச் சாதாரணக் காகிதத் தட்டில் அந்தப் பிள்ளைக்கே படிக்கக் கொடுத்தார்கள். அந்த ஒரு தட்டு போதுமானதாக இருந்தது. அட்டையில் பொருள்கள் வெகுவாகக் குறைந்தன.

அப்படியானால் பணம் வேண்டாமா? இல்லாதவரிடம் அப்படிச் சொல்வது கொடுமை. ஸ்வீடனில் லாட்டரியில் பெருந்தொகை வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுகளுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தது. தேவைக்குப் பணம் தேடுவது வேறு. என் மதிப்பே அதில்தான் என்று நம்புவது வேறு. இரண்டாவதைத்தான் ஹெல்கா டிட்மாரின் குழு 2014-இல் 259 ஆய்வு மாதிரிகளின் முடிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. அந்த நம்பிக்கை கூடக்கூட மனநலம் குறைந்திருந்தது. தொடர்பு மிதமானதுதான், ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்டது.

அந்தப் போனை வாங்கித் தருவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், பள்ளியில் யார் என்ன சொன்னார்கள் என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள்.