தாயின் தட்டு

மும்பையின் தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. இத்தகைய பகுதிகளில் நாட்கூலியை நம்பிய இல்லங்கள் பல. வேலை இல்லாத நாளில் உலையில் இடும் அரிசி குறையும். அன்று அனைவருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதையே தாய் உண்பாள்.

அரைவயிறு உண்டால் பால் சுரக்காது என்று எண்ணிச் சிலர் புட்டிப்பாலை நாடுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. குழந்தை அருந்த அருந்தப் பால் சுரக்கும்; ஆனால், தாயின் உடல் மெலியும். புட்டிப்பால் மாவோ விலை மிகுந்தது. அது பல நாள் வரவேண்டும் என நீரை மிகுதியாகக் கலப்பர். அதனால் சத்துக் குறையும். நீர் தூயதன்றெனில் வயிற்றுப்போக்கும் உண்டாகும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். பின்னர்த் தாய்ப்பாலுடன் குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை ஆகியவற்றையும் ஊட்ட வேண்டும்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கருவுற்ற பெண்களும், பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை தாய்மாரும் அங்கன்வாடி வழியாக விலையின்றி உணவு பெறலாம். அச்சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட குடும்ப அட்டைக்குப் பிற மாநிலத்திலும் தானியம் கிடைக்கும். இவை இரக்கத்தால் தரப்படுபவை அல்ல, உரிமைகள். தாயின் தட்டு நிறைந்தால்தான் தாயும் சேயும் நலம் பெறுவர்.

அருஞ்சொற்பொருள்
எஞ்சியது – மீதமானது
நாடுதல் – தேடிச் செல்லுதல்
சேய் – குழந்தை

வினாக்கள்
1. புட்டிப்பாலில் நீரை மிகுதியாகக் கலப்பது ஏன்? அதனால் விளையும் தீமைகள் யாவை?
2. பாலூட்டும் தாய்க்குச் சட்டம் அளிக்கும் உரிமை யாது?
3. உம் வீட்டில் இறுதியாக உண்பவர் யார்? ஏன்? ஐந்து வரிகளில் எழுதுக.