கோத்தா திங்கிக்கு ஏன் மாலிப்டினம் வாய்க்கவில்லை

ஜொகூர் பாரு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கட்டுரை வந்து சேர்ந்தது. போர்ஃபிரி வகைத் தாதுப் படிவின் அமைப்பை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறாய். வலைபோல் பின்னி ஓடும் குவார்ட்ஸ் நரம்புகளையும், அவற்றைச் சுற்றிப் பாறை நிறம் மாறுவதையும் பற்றி எழுதிய பகுதியில் நான் திருத்த ஒன்றும் இல்லை. அதனால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். என்னை எழுத வைத்தது மூன்றாம் பக்கத்தில் உள்ள ஒரே வாக்கியம். கொலராடோவின் பாறைக்குழம்பில் மாலிப்டினம் மிகுந்திருந்ததால் அங்கே அது தாதாயிற்று, ஜொகூரின் குழம்பில் அது இல்லாததால் கோத்தா திங்கிக்கு வெள்ளீயமும் இரும்பும்தான் கிடைத்தன என்கிறாய். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நியாயமாக இருப்பதால்தான் இந்தக் கருத்து இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது. ஆனால் அது தவறு. அது தவறு என்பதற்கான சான்று கையில் இருக்கும்போது ஒரு மாணவன் அதையே திரும்ப எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் கணக்கைப் பார். புவியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாக ஒரு கிராம் அளவுக்கே மாலிப்டினம் உண்டு. கொலராடோவின் ஹெண்டர்சன் சுரங்கத் தாதில் அது டன்னுக்கு ஏறத்தாழ 1,700 கிராம். இந்த இடைவெளியைக் கண்டதும் குழம்பே வளமானது என்று முடிவுகட்டத் தோன்றும். அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. குவார்ட்ஸ் படிகம் வளரும்போது தன்னைச் சூழ்ந்த உருகிய பாறையில் ஒரு துளியை உள்ளே சிறைப்பிடித்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளி, படிகம் விரிசல் விடாதவரை, பின்னால் வந்த சுடுநீருக்கும் அரிப்புக்கும் எட்டாமல் அப்படியே இருக்கும். ஜெர்மனியின் பைராய்ட் நகரில் ஆந்திரேயாஸ் ஓதேத்தாவும் அவரோடு பணியாற்றியவர்களும் இத்தகைய துளிகளை லேசரால் ஆவியாக்கி, அவற்றில் என்ன இருக்கிறது என்று தனிமம் தனிமமாக அளந்தார்கள். பெரிய தாது திரண்ட இடங்களின் குழம்பில் டன்னுக்குச் சில கிராம் மாலிப்டினமே இருந்தது. சுரங்கம் வெட்டும் அளவுக்குத் தாது திரளாத கிரானைட்டுகளையும் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே அளவுதான். குழம்பின் வளம்தான் காரணம் என்றால் இந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அப்படியானால் மாலிப்டினம் எங்கிருந்து வந்தது? அளவிலிருந்து வந்தது. ஒரு கன கிலோமீட்டர் குழம்பின் எடை ஏறத்தாழ 250 கோடி டன். டன்னுக்கு 5 கிராம் என்று வைத்தாலும் அதில் 12,500 டன் மாலிப்டினம் இருக்கிறது. ஒரு மில்லியன் டன் மாலிப்டினம் கொண்ட படிவு உண்டாக 80 கன கிலோமீட்டர் குழம்பு போதும். பாதிதான் வெளியேறுகிறது என்றால் 160 கன கிலோமீட்டர், அதாவது பக்கத்துக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் கொண்ட ஒரு கனசதுரம். நம் தித்திவங்சா மலைத்தொடரின் கிரானைட் இதைப் போல் எத்தனையோ மடங்கு. ஆக, பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வாய்க்க வேண்டியது அந்தச் சிறு சிறு கிராம்களையெல்லாம் ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வழி. பால்மரத்தில் சாய்வாக இழுத்த கோடு வழியே பால் வழிந்து மங்கு நிறைகிறதே, மங்குக்குப் பக்கத்தில் உள்ள பட்டையில் பால் அதிகம் என்பதாலா நிறைகிறது? தாதும் அப்படித்தான். ஆழத்தில் குழம்பு குளிர்ந்து படிகமாகும்போது, அதில் கரைந்திருந்த நீர் இருக்க இடமின்றிப் பிரிகிறது. மாலிப்டினத்தில் ஒரு பகுதியும் அந்த நீரோடு போகிறது. குழம்பறையின் கூரையில் மேல்நோக்கிப் புடைத்த குறுகிய முடி ஒன்று இருந்தால், எண்பது, நூறு கன கிலோமீட்டரின் நீரெல்லாம் அந்த ஒரு முடியை நோக்கித் திரளும். அழுத்தம் தாங்காமல் மேலே உள்ள பாறை நொறுங்கும். வெடிப்புகளில் நீர் குளிரும்போது மாலிப்டினத்தின் தாதான மாலிப்டினைட் படியும். கூரை தட்டையாகவோ ஒழுகலாகவோ இருந்தால் அதே நீர் நாலா பக்கமும் சிதறி, எங்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, யாருக்கும் பயன்படாமல் போகும்.

இதற்குக் கொலராடோவின் கிளைமேக்ஸ் சுரங்கத்தைப் போல் தெளிவான சாட்சி வேறில்லை. அதனால் அங்கே கொஞ்சம் நிற்கிறேன். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,450 மீட்டர் உயரத்தில், ஃபிரீமாண்ட் கணவாயை ஒட்டி பார்ட்லெட் மலையில் இருக்கிறது அந்தச் சுரங்கம். ஸ்டூவர்ட் வாலஸும் அவருடைய சக புவியியலாளர்களும் 1968-இல் எழுதிய ஆய்வுரையை நீ கட்டாயம் படிக்க வேண்டும். சுரங்கச் சுவர்களை மீட்டர் மீட்டராக வரைந்தவர்கள் மட்டுமே எழுதக்கூடிய எழுத்து அது. இன்றைக்குக் கணினியில் வண்ணப்படம் போட்டு எழுதப்படும் பல கட்டுரைகளைவிட எனக்கு அது மேலானது. அவர்கள் கண்டது இது. குழம்பு ஒரே தடவையில் மேலேறவில்லை. நான்கு முறை ஏறியது. முதல் ஊடுருவல் தன் தலைக்கு மேல் கவிழ்த்த கிண்ணம்போல் ஒரு தாது உறையை விட்டுச் சென்றது. செரெஸ்கோ எனப்படும் அந்த உறையின் பெரும்பகுதி அரிப்பில் போய்விட்டது. இரண்டாவது ஊடுருவல் மேல் தாதுவையும், மூன்றாவது கீழ்த் தாதுவையும் தந்தன. நான்காவதும் வந்தது, ஆனால் வெட்டத்தக்க தாது எதுவும் தரவில்லை. ஒரே மலை, ஒரே வகைக் குழம்பு, நான்கு வாய்ப்பு. மூன்று பலித்தன, ஒன்று பலிக்கவில்லை. குழம்பின் வளம்தான் எல்லாம் என்பவர்கள் இந்த நான்காவதற்கு விடை சொல்ல வேண்டும். ஹெண்டர்சனின் கதையும் இதே பாடத்தின் தொடர்ச்சிதான். ஹெண்டர்சன் இருக்கும் ரெட் மவுண்டனின் மேற்பகுதியில் இருந்த யூராட் தாது முன்பே தெரியும். கிளைமேக்ஸில் கற்ற அடுக்கு முறையை மனத்தில் வைத்துக்கொண்டு அதற்கும் கீழே துளையிட்டார்கள். 1964-இல், மலையுச்சியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்தில், தரைமட்டத்தில் எந்த அடையாளமும் காட்டாத தாது அகப்பட்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே பத்துக்கும் மேற்பட்ட ஊடுருவல்களின் உறைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. டன்னுக்கு 1,700 கிராம் என்ற தரம் அப்படிச் சேர்ந்ததுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். அமெரிக்க மேற்கின் அடியில் உள்ள மேலோடும் அதற்குக் கீழுள்ள கவச அடுக்கும் பண்டைக்காலத்திலேயே உலோகச் செறிவு பெற்றவை, ஆகவே அங்குள்ள குழம்பு தொடக்கத்திலேயே ஒரு படி முன்னால் நின்றது என்று சிலர் வாதிடுகிறார்கள். இருக்கட்டும். அந்த முன்னிலையை நான் மறுக்கவில்லை, அதன் எடையைத்தான் கேட்கிறேன். மேலோட்டின் சராசரியிலிருந்து குழம்புக்கு வர ஐந்து மடங்கு ஏற்றம் போதும். குழம்பிலிருந்து தாதுக்கு வர 340 மடங்கு ஏற்றம் வேண்டும். முதல் படியை இரட்டித்தாலும் வேலையின் பெரும்பகுதி இரண்டாவது படியில்தான் இருக்கிறது.

இனி ஜொகூருக்கு வருவோம். நம் தீபகற்பத்தில் வெள்ளீயம் ஏன், மாலிப்டினம் ஏன் இல்லை என்பதற்கு, குவிப்பதற்கும் முன்னே நிற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அது குழம்பில் ஆக்சிஜன் நின்ற நிலை. ஜப்பானியப் புவியியலாளர் ஷுன்சோ இஷிஹாரா 1977-இல் கிரானைட்டுகளை இரண்டு வரிசையாகப் பிரித்தார். மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மேக்னடைட் வரிசை. அது இல்லாமல் இல்மனைட் மட்டும் இருந்தால் இல்மனைட் வரிசை. முன்னது ஆக்சிஜன் மிகுந்த குழம்பு, பின்னது ஆக்சிஜன் குன்றிய குழம்பு. தென்மேற்கு ஜப்பானில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பட்டைகளாக ஓடுகின்றன. மேக்னடைட் வரிசையான சானின் பட்டையில் மாலிப்டினம், இல்மனைட் வரிசையான சான்யோ பட்டையில் டங்ஸ்டனும் வெள்ளீயமும். காரணம் அணுக்களின் அளவிலும் மின்னேற்றத்திலும் இருக்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் வெள்ளீயம் நான்கு ஏற்றம் பெற்று டைட்டானியத்தைப் போலாகிவிடும். டைட்டானியம் உட்காரும் படிகங்களில் அதுவும் இடம்பிடித்து, பாறை முழுவதும் சிதறிவிடும். ஆக்சிஜன் குன்றினால் இரண்டு ஏற்றத்தோடு பருத்து நிற்கும். எந்தப் படிகமும் அதைச் சேர்க்காது, கடைசிக் குழம்புவரை மிஞ்சி நீரோடு போகும். மாலிப்டினத்துக்கு இது நேர்மாறு. ஆக்சிஜன் குன்றினால் நான்கு ஏற்றத்தோடு அது டைட்டானியத்தின் இடத்தில் உட்காரும். மிகுந்தால் ஆறு ஏற்றத்தோடு இடமின்றி மிஞ்சும். ஆகவே ஒரே குழம்பு இரண்டையும் தாராளமாகத் தருவது அரிது. இஷிஹாராவும் சக ஆய்வாளர்களும் 1979-இல் நம் பகுதிக் கிரானைட்டுகளையும் இப்படி அளந்து எழுதினார்கள். தித்திவங்சாவின் கிரானைட் இல்மனைட் வரிசை. கரிமம் கலந்த பழைய படிவுப் பாறைகள் உருகிச் சேர்ந்த குழம்பு என்பதால் அதில் ஆக்சிஜன் குன்றியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக் குட்டைகள் அத்தனைக்கும் மூலம் அங்கே இருக்கிறது.

நீ உடனே மூன்று கேள்வி கேட்பாய். ஜொகூரின் கிழக்குப் பகுதி தித்திவங்சாவைச் சேர்ந்ததல்லவே, பகாங்கிலிருந்து இறங்கி வரும் கிழக்குக் கிரானைட் பட்டையைச் சேர்ந்ததல்லவா, கோத்தா திங்கியின் பெலெப்பா கானானில் இரும்புத்தாதாக வெட்டியதே மேக்னடைட்தானே என்பது முதல் கேள்வி. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பெலெப்பா கானான் மேக்னடைட் கிரானைட்டுக்குள் படிகமானதல்ல. கிரானைட்டிலிருந்து வெளியேறிய சுடுநீர் பக்கத்துப் பாறையோடு வினைபுரிந்த ஸ்கார்னில், வெள்ளீயத்தோடு சேர்ந்து பிறந்தது. அதை வைத்துக் குழம்பின் ஆக்சிஜனைச் சொல்ல முடியாது. கிரானைட்டுக்கு உள்ளே இருக்கும் மேக்னடைட்டைப் பார்க்க வேண்டும். கிழக்குப் பட்டையில் மேக்னடைட் வரிசைப் பாறைகளும் கலந்திருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆக்சிஜன் மிகுந்த குழம்பு இருந்தால் மட்டும் போதாது. முன்னே சொன்ன குறுகிய முடியும், திரும்பத் திரும்ப ஏறும் ஊடுருவலும் வேண்டும்.

இரண்டாவது, கிளைமேக்ஸிலேயே வெள்ளீயம் கிடைத்ததே என்பது. உண்மை. மாலிப்டினைட்டைப் பிரித்த பிறகு மிஞ்சிய மணலிலிருந்து கேசிட்டரைட் என்னும் வெள்ளீயத் தாதும் டங்ஸ்டன் தாதும் துணைப்பொருளாக எடுத்தார்கள். ஆனால் அவ்வளவு மலையை அரைத்ததால்தான் எடுக்க முடிந்தது. அந்த வெள்ளீயத்துக்காக மட்டும் யாரும் அங்கே ஒரு மண்வெட்டியைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார்கள். ஃபுளோரின் மிகுந்து, படிகமாகிப் படிகமாகி வடிந்த கடைசிக் குழம்பில் எல்லா அரிய தனிமங்களும் கொஞ்சம் ஏறும். ஆக்சிஜன் அவற்றின் விகிதத்தைச் சாய்க்கும், எதையும் முற்றாக அடைத்துவிடாது.

மூன்றாவது, போர்ஃபிரிப் படிவுகள் ஆழமில்லாத இடத்தில் உருவாகின்றன, நம் கிரானைட்டோ 20 கோடி ஆண்டுக்கும் பழையது, தாது இருந்திருந்தாலும் அரிப்பில் போயிருக்கும் என்பது. வசதியான விடை. அதனால்தான் அதைச் சந்தேகிக்கிறேன். பெங்கேராங் பக்கம் அதே பழங்காலத்து எரிமலைப் பாறைகள் இன்னும் தலைகாட்டுகின்றன. தரைக்கு அருகே உருவானதெல்லாம் அழிந்துவிட்டது என்றால் அவை எப்படி மிஞ்சின? மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்ட் செம்புச் சுரங்கத்தில் உள்ள மாலிப்டினைட்டின் வயதை ரீனியம்–ஆஸ்மியம் முறையில் கணித்தபோது ஏறத்தாழ 249 கோடி ஆண்டு என்று வந்தது. ஹோலி ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 2004-இல் அதைப் போர்ஃபிரி வகை என்றே எழுதினார்கள். அதன் வகையை ஏற்காதவர்கள் உண்டு, விவாதம் ஓயவில்லை. ஸ்டைன் குழுவினர் சொல்வது சரியானால், அத்தனை பழைய போர்ஃபிரியே தப்பிப் பிழைத்திருக்கும்போது நம்முடையது ஏன் பிழைக்கக்கூடாது? வயதைக் காட்டி மட்டும் இந்தக் கேள்வியை மூடிவிட முடியாது.

இன்னொரு திருத்தம். தமிழ்நாட்டின் அரூர், ஊத்தங்கரை வட்டாரத்து மாலிப்டினத்தையும் போர்ஃபிரி பட்டியலில் சேர்த்திருக்கிறாய். எடுத்துவிடு. அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை கண்டது பாறை நழுவி நசுங்கிய வலயத்தின் குவார்ட்ஸ் நரம்புகளில் படிந்த மாலிப்டினைட். ஊடுருவலின் முடியில் கவிழ்ந்த உறை அங்கே இல்லை. மாலிப்டினைட் கண்ட இடமெல்லாம் போர்ஃபிரி ஆகிவிடாது. அதே பட்டியலில் சபாவின் மாமுட்டைச் செம்புப் போர்ஃபிரி என்று குறித்திருப்பது சரி. 1975 முதல் 1999 வரை வெட்டினார்கள். ஆனால் அது கினபாலுவை ஒட்டிய இளம் பாறை, தீபகற்பத்தின் கதையோடு அதைக் கலக்காதே.

அடுத்த விடுமுறையில் கோத்தா திங்கி பக்கம் போவதாக எழுதியிருந்தாய். சிறு காந்தம் ஒன்றும், மெருகிட்ட வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றும் எடுத்துச் செல். புதிதாக உடைந்த கிரானைட்டைக் கொஞ்சம் பொடித்து, காந்தத்தைத் தாளில் சுற்றிப் பொடியில் புரட்டிப் பார். கறுப்புத் துகள்கள் ஒட்டுகின்றனவா இல்லையா என்பதை இடத்தோடு குறித்துக்கொள். ஸ்கார்ன் துண்டுகளைத் தனிப் பையில் போடு, கிரானைட்டோடு கலக்காதே. நரம்பின் விளிம்பில் ஈயநிறத்தில் விரலில் ஒட்டும் மென்மையான செதிலைக் கண்டால், பென்சில் கரி என்று தள்ளிவிடாமல் பீங்கானில் தேய்த்துப் பார். கோடு சாம்பல் நிறமாக விழுந்தால் கிராஃபைட், பச்சைச் சாயல் காட்டினால் மாலிப்டினைட். அளவுகளை அனுப்பு, மூன்றாம் பக்கத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்