அவசரப் பிரிவில் முதியவர்: நான்கு நம்பிக்கைகள், நான்கு உண்மைகள்

வாலிகண்டபுரத்தில் ஒரு முதியவர் திடீரென்று சுருண்டு படுத்துவிட்டால், பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கு நெடுஞ்சாலை வழியே சீக்கிரம் போய்விடலாம். தாமதம் பெரும்பாலும் வீட்டிலேயே, சில நம்பிக்கைகளால் நேர்கிறது.

நம்பிக்கை: “வயசாயிடுச்சு, ஏதோ உளறுறார்.”
உண்மை: மறதி நோய் மெல்ல மெல்ல வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பேரனைத் தெரியாமல் விழித்தால் அது திடீர் மனக்குழப்பம், அவசர நிலை. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, சர்க்கரை இறங்குவது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை என எதுவும் காரணமாகலாம். காரணத்தைச் சரிசெய்தால் பலர் தெளிந்துவிடுகிறார்கள். பேச்சே இல்லாமல் தூங்கி வழிவதும் இதே குழப்பம்தான். அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான்.

நம்பிக்கை: “காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, பயமில்லை.”
உண்மை: முதுமையில் கடுமையான தொற்றுகூடக் காய்ச்சலில்லாமல் வரும். மாரடைப்பு வெறும் மூச்சிரைப்பாகவோ அசதியாகவோ தெரியலாம்.

நம்பிக்கை: “கால் தடுக்கி விழுந்தார், கட்டுப் போட்டால் போதும்.”
உண்மை: ஏன் விழுந்தார் என்று பார்க்காவிட்டால் மறுபடி விழுவார். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தூக்க மாத்திரை தள்ளாட வைக்கிறதா, இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் ஓரிரு நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. நாட்டுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணும் நுரையீரல் தொற்றும் சேர்ந்துகொள்ளும்.

நம்பிக்கை: “முதியோருக்கென்று தனி மருத்துவமா?”
உண்மை: சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வ.செ. நடராசன் முதியோர் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயோடு நடமாட்டம், நினைவாற்றல், மாத்திரைகள், சாப்பாடு, கவனிக்க ஆள் ஆகியவற்றையும் சேர்த்து மதிப்பிடுவதே இத்துறையின் முறை. இப்படி மதிப்பிடப்பட்ட உள்நோயாளிகள் பின்னாளில் தங்கள் வீட்டிலேயே வாழும் வாய்ப்பு கூடுவதை, 29 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2017ஆம் ஆண்டு அறிக்கை காட்டியது.

இந்த மதிப்பீடு மாவட்ட மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளிலும் வழக்கமாக வேண்டும். வல்லுநர் இல்லாத இடத்திலும் அடிப்படைக் கேள்விகளைக் கேட்க முடியும்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும், கண்ணாடியையும், காது கேட்கும் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். அவரை அன்றாடம் பார்க்கும் ஒருவர் கூடவே போக வேண்டும். “போன வாரம் தானே நடந்து கடைக்குப் போனார்” என்று மருத்துவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். எந்த நிலைக்கு அவரை மீட்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் மருத்துவருக்குத் தெரியும்.