மின்னல் வாசிக்கிற பேஸ்

முதல்ல ஹெட்போனை எடுத்து மாட்டிக்கோங்க. இதை வெறுமனே படிச்சா பாதிதான் புரியும்.

ப்யோர்க், 1965-ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்தில் பிறந்த பாடகி. முதல் ஆல்பம் 1977-ல் வந்தப்போ அவர் ஸ்கூல் பொண்ணு. "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்விதான். அவர் குரல் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் ஏறாது, இறங்காது. அதனால மெட்டைத் தேடாதீங்க. ஒரே ஒரு கேள்வியோட கேளுங்க: இந்த சத்தம் எங்கிருந்து வருது?

1993-ல் வந்த 'டெப்யூ' ஆல்பத்தில் ஒரு பாட்டை லண்டனில் ஒரு கிளப்பின் டாய்லெட்டில் வைத்துப் பதிவு செய்தார்கள். நடுவில் கதவு மூடும், வெளியே அடிக்கிற பீட் சட்டென்று மங்கிடும். லோ-பாஸ் ஃபில்டருக்கு இதைவிட நல்ல உதாரணம் எந்த நோட்ஸிலும் நான் பார்க்கல. 2001-ல் 'வெஸ்பர்டைன்': ஐஸ் நொறுங்குற சத்தமும் சீட்டுக்கட்டைக் கலைக்கிற சத்தமும்தான் அங்கே தாளம். 2004-ல் 'மெடுல்லா', கிட்டத்தட்ட முழுக்க மனிதக் குரல்கள்.

நான் மாட்டிக்கிட்டது 2011-ல் வந்த 'பயோஃபீலியா'வில். அதில் 'தண்டர்போல்ட்' பாட்டுக்கு பேஸ் வாசிக்கிறது ஒரு டெஸ்லா காயில்.

டெஸ்லா காயில் நமக்குத் தெரியும். பிரைமரி, செகண்டரி, கெபாசிட்டர், ரெசனன்ஸ். டயகிராம் போட்டு மார்க் வாங்கியாச்சு. ஆனா அது எப்படி ஸ்வரம் பாடும்? காயிலின் சொந்த அலைவு பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத வேகம். காதுக்கு எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதனால பொறியை விட்டு விட்டு அடிக்க வைக்கணும். நொடிக்கு 110 தடவை ஆன்-ஆஃப் செய்தா, ஒவ்வொரு பொறியும் சுத்தியிருக்கிற காற்றைச் சூடாக்கி விரிய வைக்கும். அந்த 110 தட்டல் சேர்ந்து கீபோர்டில் இருக்கிற ஒரு 'ஏ' ஆகக் கேட்கும். 220 தடவை என்றால் ஒரு ஆக்டேவ் மேலே. ஸ்பீக்கரும் கிடையாது, கோனும் கிடையாது, காற்றே நேரடியா அதிருது.

அந்தக் காயில் வாசிக்கிறது ஆர்பெஜியோ. அதாவது ஒரு கார்டின் ஸ்வரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒவ்வொன்றாக அடிப்பது. ப்ளஸ் ஒன்ல "போர்டு எக்ஸாம் முக்கியம்"னு வீட்டில் கீபோர்டு கிளாஸை நிறுத்துற வரைக்கும் நானும் ஆர்பெஜியோ வாசிச்சேன். விரல் ஒண்ணு, மூணு, அஞ்சு என்று மனப்பாடம். இங்கே காலேஜில் காயிலும் மனப்பாடம். ரெண்டும் ஒண்ணா வந்து நிற்கும்னு இருபத்தொரு வயசு வரைக்கும் எனக்குத் தோணவே இல்ல. அன்னைக்கு ராத்திரி கொஞ்சம் கோபமாகூட இருந்தது.

இந்த ஆல்பம் ஆப் வடிவிலும் வந்தது. 'தண்டர்போல்ட்' ஆப்பில் விரலால் மின்னலை இழுத்தா ஆர்பெஜியோ மாறும். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் முதன்முதலாகச் சேர்த்த ஆப் இதுதான், 2014-ல்.

அடுத்து 'சால்ஸ்டிஸ்' கேளுங்க. அதுக்காகவே ஊசல் வீணை மாதிரி ஒரு கருவி செய்தார்கள். நாலு ஊசல், ஒவ்வொன்றின் நுனியிலும் தந்திகள் கட்டிய உருளை. ஊசல் கீழே வந்து கடக்கும்போது எந்தத் தந்தி மீட்டப்படணுமோ, அதுக்கு ஏத்தபடி உருளை திரும்பும். ஆடுற வேகத்தை யாரும் நினைச்சபடி மாத்த முடியாது, அது நீளமும் புவியீர்ப்பும் முடிவு பண்றது. ஒரு மீட்டர் ஊசல் போய்வர சுமார் 2 நொடி. ஸ்வரம் மனுஷங்க கையில், நேரம் பூமியின் கையில்.

உண்மையைச் சொன்னா, 'பயோஃபீலியா' அவருடைய சிறந்த ஆல்பம் கிடையாது. சில பாட்டு டெமோ மாதிரி பாதியில் நிற்கும். மனசைப் பிழியணும்னா 1997-ல் வந்த 'ஹோமோஜெனிக்'குக்குப் போங்க, 'யோகா'வில் ஆரம்பிங்க. நம்ம யோகாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, அது ஒரு தோழியைப் பற்றிய பாட்டு.

எங்க லேப்ல ஒரு சின்ன காயில் சும்மாதான் கிடக்குது. அதில் 110 வருதான்னு பார்க்க பெர்மிஷன் லெட்டர் கொடுத்திருக்கேன். ஹெச்ஓடி சார் ரெண்டு தடவை படிச்சுட்டு, "பாட்டுக்கா?"ன்னு கேட்டார். இன்னும் கையெழுத்துப் போடல.